ஏரிக்கரைப் பிள்ளைகளும் எட்டாயிரம் அடிப் பனியும்

சிறு பிள்ளைகளோடு பனிமலைக்குப் போகலாமா, சறுக்கிப் பார்க்கலாமா என்று உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

பனிச்சறுக்கு வெளிநாட்டுக்காரர்களும் வசதியானவர்களும் விளையாடுவது. எங்கள் பிள்ளைகளுக்கு எதற்கு இந்த ஆசை?
(வாசகி, சாலவாக்கம்)

ஆசைக்கு யாரும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை, அம்மா. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் களம் இறங்கியவர் ஒரே ஒருவர், ஆரிஃப் கான். காஷ்மீரின் குல்மார்க்கில் சறுக்குச் சாமான் கடை வைத்திருந்தவரின் மகன். நாலு வயதில் அப்பா சறுக்குப் பலகைமேல் ஏற்றி நிற்கவைத்த பிள்ளை. காஷ்மீரில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளிக்கூடம் கிடையாது. நம் பிள்ளைகள் ஏரியில் நீச்சல் பழகுவது போல அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சரிவில் சறுக்கப் பழகுகிறார்கள். செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. தகுதி இல்லை என்று மட்டும் பிள்ளை காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள்.

நான் குல்மார்க் என்கிறேன், மனைவி மணாலி என்கிறாள், மச்சான் ஔலி என்கிறான். எப்படி முடிவு செய்வது?
(வாசகர், உத்திரமேரூர்)

உங்கள் ஊர்க் கோயில் சுவரிலேயே வழி இருக்கிறதே! வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள பராந்தகச் சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் குடத்தில் ஓலை போட்டது பிற்பாடுதான். முதலில் தகுதி பார்த்தார்கள். 35 வயதுக்குக் குறையக் கூடாது, 70-ஐத் தாண்டக் கூடாது, வரி கட்டும் கால்வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடவே கூடாது. அதில் தேறியவர்கள் பெயர்தான் ஓலையில் ஏறியது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். குழந்தை தாங்கும் பயணமா? தங்கும் இடம் ரொம்ப உயரத்தில் இல்லாமல் இருக்கிறதா? அவசரத்துக்கு மருத்துவர் கிடைப்பாரா?

உத்தராகண்டில் உள்ள ஔலி அழகான இடம், சறுக்குவதற்கு அருமையான சரிவு. ஆனால் ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட்டுக்கே சுமார் 250 கிலோமீட்டர் மலைச்சாலை. ஒரு பகல் முழுக்க வளைவுதான். ஜோஷிமட்டிலிருந்து மேலே போன ரோப்காரும் 2023 ஜனவரியில் அந்த ஊரில் நிலம் உள்வாங்கியபோது நிறுத்தப்பட்டது. காரில் ஏறினாலே வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு அந்தச் சாலை தண்டனை. பிள்ளைகள் வளர்ந்த பிறகு மச்சானோடு போய் வாருங்கள்.

மிச்சம் இரண்டு. மணாலியிலிருந்து சோலாங் பள்ளத்தாக்கு சுமார் 13 கிலோமீட்டர். ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து குல்மார்க் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டுமே தேறும். இரண்டு பெயரையும் எழுதிச் சொம்பில் போட்டு, வீட்டில் கடைக்குட்டியை எடுக்கச் சொல்லுங்கள். அன்றைக்கும் ஓலையை எடுத்தது, உள்ளே யார் பெயர் இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன்தான். என்னைக் கேட்டால் குல்மார்க்குக்கு ஒரு ஓலை கூடுதலாகப் போடுவேன். அங்கே ஊர் நடுவிலேயே பரந்த புல்வெளிக் கிண்ணம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதன் ஓரச் சரிவுகள் போதும். ஓட்டலிலிருந்து நடந்தே போய்விடலாம்.

அரையாண்டு விடுமுறையில் போனால் பனி கிடைக்குமா? எங்களுக்கு அப்போது நவரை நடவும் இருக்கும்.
(விவசாயி, மானாம்பதி)

டிசம்பர் கடைசியில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். காஷ்மீரில் கடுங்குளிரின் 40 நாளைச் சில்லை கலான் என்பார்கள். அது டிசம்பர் 21 அன்று தொடங்குகிறது. குளிர் நாள்காட்டிப்படி வந்துவிடும். பனி அப்படி வராது. 2024 ஜனவரியில் குல்மார்க் காய்ந்த புல்லோடு கிடந்தது. மாதக் கடைசியில்தான் பொழிந்தது. 2025இல் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளையே பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளினார்கள். நாட்டின் போட்டிக்கே அந்த நிலை.

ஆகவே ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய உள்ள காலத்தைக் குறியுங்கள். நடவு முடிந்த கையோடு கிளம்பினால் முதல் களை எடுப்பதற்குள் திரும்பிவிடலாம். மடை பார்க்க நம்பிக்கையான ஆள் சொல்லிவிட்டுப் போங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வாரப் பள்ளி போனால் குடி முழுகிவிடாது. பத்தாம் வகுப்பு அக்கா வீட்டில் இருந்தால், அவள் தேர்வு முடியும்வரை எல்லோருமே காத்திருங்கள். அவளை விட்டுவிட்டுப் போவது நியாயமில்லை. தேதி மாற்ற இடம் தரும் அறையாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.

ரயிலா, விமானமா?
(வாசகர், பெருநகர்)

பணம் குறைவு, நாள் அதிகம் என்றால் ரயில். சென்னையிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸ் கத்ரா வரை போகிறது, இரண்டு நாளுக்கும் மேல் ஆகும். 2025 ஜூனிலிருந்து கத்ராவில் வந்தே பாரத் ஏறினால் சுமார் 3 மணி நேரத்தில் ஸ்ரீநகர். வழியில் செனாப் பாலம். ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரம். அந்த ஒரு பாலத்துக்காகவே பிள்ளைகளைத் தூங்கவிடாமல் ஜன்னலோரம் உட்காரவையுங்கள். ரயிலில் 5 வயதுக்குள் தனிப் படுக்கை கேட்காத பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. 5 முதல் 11 வரை படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம்.

விமானம் என்றால் பெரும்பாலும் டெல்லியில் மாற வேண்டும். குளிர்காலத்தில் டெல்லி மூடுபனியும் ஸ்ரீநகர்ப் பனியும் விமானத்தை நிறுத்திவைப்பது சகஜம். திரும்பும் நாளுக்கும் வேலைக்குச் சேரும் நாளுக்கும் நடுவில் ஒரு நாள் சும்மா இருக்கட்டும்.

எதில் போனாலும் முதல் இரவு ஸ்ரீநகரில் தங்குங்கள். அது சுமார் 1,585 மீட்டர், குல்மார்க் சுமார் 2,650. குழந்தையின் உடம்பு உயரத்துக்குப் படிப்படியாகப் பழகட்டும்.

எத்தனை வயதில் சறுக்கத் தொடங்கலாம்?
(வாசகி, திருப்புலிவனம்)

ஐந்து, ஆறு வயது நல்ல வயது. மூன்று வயதுக்குப் பனியில் உருள்வதே போதும்.

முதல் நாள் வகுப்பில் என்ன சொல்லித்தருவார்கள்? என் ஐந்து வயது மகன் பயப்படுவானா?
(ஒரகடம் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தந்தை, உத்திரமேரூர்)

விவரமாகவே சொல்கிறேன். முதலில் ஷூ. அது நம் ஷூ மாதிரி இல்லை. கெட்டிப் பிளாஸ்டிக் கூடு, கணுக்கால் மடங்காது, கிளிப் போட்டு இறுக்குவார்கள். பிள்ளை முன்பக்கம் சாய்ந்து, தத்தித் தத்தி நடப்பான். பாதி அழுகை இந்த இடத்திலேயே வந்துவிடும். அவசரப்படுத்தாதீர்கள். பலகை இல்லாமல் வெறும் ஷூவோடு பத்து நிமிடம் பனியில் நடக்கவிடுங்கள். உள்ளே ஒரே ஒரு சாக்ஸ் போதும். குளிருமே என்று இரண்டு மூன்று போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும்.

அப்புறம் பலகை. நிற்கவைத்தால் மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் வர வேண்டும். நீளம் கூடினால் திருப்ப முடியாது. முதலில் ஒரு காலில் மட்டும் மாட்டித் தள்ளித் தள்ளி நகரச் சொல்வார்கள், பிறகு இரண்டு காலிலும். அடுத்தது நிறுத்தும் வித்தை. இரண்டு பலகையின் முன்நுனிகளும் கிட்டே வந்து, பின்பக்கம் விரிய வேண்டும். விரிக்க விரிக்க வேகம் குறையும். நல்ல பயிற்சியாளர் பிள்ளைக்கு எதிரே நின்று, பின்பக்கமாகவே இறங்கிக்கொண்டு, பலகையின் நுனிகளைக் கையால் சேர்த்துப் பிடித்துக் காட்டுவார். பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தபடியே வருவான். ஐந்தாறு முறை இறங்கியதும் அவர் கையை எடுத்துவிடுவார். தனியாக நிற்கிறோம் என்பது பிள்ளைக்குச் சற்றுப் பொறுத்துத்தான் தெரியும். அந்த முகத்தைப் பாருங்கள், போனை அப்புறம் எடுக்கலாம்.

விழுவான். விழுந்து எழுவதும் பாடம்தான். ஹெல்மெட் கட்டாயம். குழந்தை அளவு ஷூவும் ஹெல்மெட்டும் இருக்கின்றனவா என்று காலளவைச் சொல்லி முன்கூட்டியே கேட்டுவையுங்கள். பெரியவர்கள் ஹெல்மெட்டைத் துணி சுற்றிப் பொருத்துகிறவரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும். பயிற்சியாளர் இன்னும் ஒரு மணி நேரம் என்று இழுத்தாலும், பிள்ளைக்குக் கால் துவண்டுவிட்டால் கூட்டி வந்துவிடுங்கள். களைத்த கால்தான் சுளுக்கும்.

பேரனுக்குப் பனியில் சளி பிடித்துவிடுமே?
(பாட்டி, சாலவாக்கம்)

சளி கிருமியால் வருவது பாட்டி, பனியைத் தொட்டதால் வருவதில்லை. நீங்கள் பயப்பட வேண்டியது ஈரத்துக்குத்தான். நனைந்த கையுறையும் நனைந்த சாக்ஸும் பிள்ளையை ஒரு மணி நேரத்தில் வாட்டிவிடும். இரண்டு செட் மாற்று வைத்திருக்கச் சொல்லுங்கள். விரல் நுனி வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கக் கூடாது, அம்மாவின் அக்குளில் வைத்துச் சூடேற்ற வேண்டும். பேரனுக்கு வீசிங் உண்டென்றால் கட்டாயம் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். குளிர்ந்த உலர்காற்று மூச்சிரைப்பைத் தூண்டும். இன்ஹேலரைப் பையில் போடாமல் உடம்போடு ஒட்டிய உள்பாக்கெட்டில் வைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்துபோனால் மருந்து சரியாகப் பீறிடாது.

நீங்களும் போகலாம். மங்கி குல்லாவை மறக்காதீர்கள்.

ஸ்வெட்டர், ஜெர்கின் எல்லாம் வாங்கினால் ஒரு போகத்து லாபம் போய்விடும் போலிருக்கிறதே?
(வாசகி, மானாம்பதி)

எல்லாம் வாங்காதீர்கள். குல்மார்க்குக்கு 13 கிலோமீட்டர் கீழே டங்மார்க். பனிக்காலத்தில் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிகள்தான் அங்கிருந்து மேலே ஏறும். உங்கள் வண்டி நிற்கும் அந்த இடத்திலேயே கோட்டும் கம்பூட்டும் வாடகைக்குக் கிடைக்கும். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்து எடுங்கள். சொந்தமாக வேண்டியவை உடம்போடு ஒட்டும் தெர்மல், கம்பளிச் சாக்ஸ், நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் கையுறை, கறுப்புக் கண்ணாடி. பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையைப் பிடித்துவைத்து நெஞ்சைக் குளிரவிடும். கண்ணாடி அலங்காரத்துக்கு இல்லை. புதுப்பனி புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், குழந்தையின் கண் சிவந்து எரியும். தேங்காய் எண்ணெய் அங்கே கல்லாகிவிடும். உதட்டுக்கும் கன்னத்துக்கும் வாசலைன் எடுத்துப்போங்கள்.

குல்மார்க் கேபிள் காரில் உச்சி வரை கைக்குழந்தையைக் கொண்டுபோகலாமா?
(வாசகர், பெருநகர்)

வேண்டாம். முதல் கட்டம் கொங்டூரி, சுமார் 3,050 மீட்டர். அதுவரை போய்ச் சற்று இருந்துவிட்டு இறங்கலாம். இரண்டாம் கட்டம் அபர்வத், கிட்டத்தட்ட 3,950 மீட்டர். அந்த உயரத்தில் பெரியவர்களுக்கே தலை வலிக்கும். பேசத் தெரியாத குழந்தை தலைவலியைச் சிணுங்கலாகவும், பால் குடிக்காமலும், வாந்தியாகவும்தான் சொல்லும். பசி என்றோ தூக்கம் என்றோ நாம் தப்பாக எடுத்துக்கொள்வோம். குல்மார்க்கிலேயே இந்த அறிகுறிகள் வந்தால்கூடக் கீழே இறங்குவதுதான் முதல் மருந்து. டங்மார்க்கில் அரசு மருத்துவமனை இருக்கிறது, ஸ்ரீநகரில் குழந்தைகளுக்கென்றே பெரிய மருத்துவமனை இருக்கிறது.

அபர்வத் பக்கம் பனிச்சரிவும் உண்டு. 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் வெளிநாட்டிலிருந்து வந்த தேர்ந்த சறுக்கர்களே அங்கே உயிர் விட்டார்கள். வேலி கட்டிய எல்லைக்கு அப்பால் யார் கூப்பிட்டாலும் பிள்ளையோடு போகாதீர்கள்.

கேபிள் கார் டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுங்கள். வாசலில் தரகர் நீட்டுவதை வாங்க வேண்டாம்.

ராத்திரி அறையில் ஹீட்டர் போட்டுக் கதவை இறுக மூடிவிட்டால் குழந்தைக்கு இதமாக இருக்குமே?
(வாசகி, உத்திரமேரூர்)

மற்ற பதிலெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கரி, விறகு, கேஸ் எதில் எரியும் அடுப்பானாலும் மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறம் இல்லை, வாடை இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். 2025 ஜனவரியில் ஸ்ரீநகரில் ஒரே குடும்பத்தில் ஐந்து பேர், அதில் மூன்று பேர் குழந்தைகள், இப்படித்தான் போனார்கள். படுக்கப்போகும் முன் எரிவதை அணையுங்கள், அறையை விட்டு வெளியே வையுங்கள், ஜன்னலில் ஒரு விரற்கடை திறந்திருக்கட்டும். மின்சாரக் கம்பளி இருக்கும் அறையாகக் கேட்டு எடுங்கள். அதைப் படுப்பதற்கு முன் போட்டு மெத்தையைச் சூடாக்கிவிட்டு, குழந்தை ஏறிப் படுக்கும்போது அணைத்துவிடலாம்.

வேடந்தாங்கலுக்கு வரும் வாத்தெல்லாம் பனிக்குப் பயந்துதானே அங்கிருந்து ஓடி வருகிறது? நாம் ஏன் அங்கே போகணும்?
(மூன்றாம் வகுப்பு மாணவி, திருப்புலிவனம்)

கண்ணு, இந்த மாதத்தில் வந்ததிலேயே நல்ல கேள்வி உன்னுடையதுதான். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடக்கே ஏரி குளமெல்லாம் உறைந்து தீனி கிடைக்காமல் போவதால் இங்கே வருகின்றன. அவை தங்கள் சாப்பாட்டைத் தாமே தேட வேண்டும். உனக்கு உன் அம்மா புளியோதரை கட்டி எடுத்து வருவாள்! போய்ப் பார்த்துவிட்டு வா. அடுத்த முறை வேடந்தாங்கலில் ஊசிவாலைப் பார்க்கும்போது, அது எதை விட்டுவிட்டு வந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

சாப்பாடு?
(பல வாசகிகள்)

காஷ்மீரிகள் சோறு சாப்பிடுகிறவர்கள். சாதம், ராஜ்மா, கீரை, தயிர் எல்லாம் கிடைக்கும். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, நெய் எடுத்துப்போனால் பிள்ளை பட்டினி கிடக்காது. நீங்களே சமைப்பதென்றால் குக்கர் வேண்டும். குல்மார்க் உயரத்தில் தண்ணீர் 91 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. தாகம் எடுக்கவில்லை என்று பிள்ளை தண்ணீர் குடிக்க மாட்டான், வெந்நீரை வற்புறுத்திக் கொடுங்கள்.

போன் வேலை செய்யுமா?
(வாசகர், மானாம்பதி)

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் இயங்காது. குடும்பத்தில் ஒருவராவது போஸ்ட்பெய்டு வைத்திருங்கள்.

பஹல்காமில் நடந்ததற்குப் பிறகும் காஷ்மீருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகச் சொல்கிறீர்களா?
(வாசகி, பெருநகர்)

2025 ஏப்ரல் 22 அன்று அங்கே பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்றார்கள். அதை மறைத்துக்கொண்டு யாரையும் போகச் சொல்ல மாட்டேன். அதன்பின் பல சுற்றுலா இடங்களை மூடினார்கள், படிப்படியாகத் திறந்தார்கள். கிளம்பும் வாரத்தில் அரசு அறிவிப்பைப் பாருங்கள். நிலைமை சரியில்லை என்றால் பணம் போனாலும் பயணத்தை நிறுத்துங்கள். ராத்திரிப் பயணம் வேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒப்பவில்லையா? இமாச்சலத்தில் சோலாங் இருக்கிறது. பயந்துகொண்டே இருக்கும் தாயைப் பார்த்தால் பிள்ளைக்கும் விளையாட்டு ஓடாது.

வெளிநாட்டில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சறுக்குகிறார்களா?
(வாசகர், உத்திரமேரூர்)

நன்றாகவே! சுவிட்சர்லாந்தில் சுமார் 50,000 தமிழர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் 1983க்குப் பிறகு யாழ்ப்பாணம், வன்னி பக்கத்திலிருந்து போன குடும்பங்கள். அங்கே பள்ளிகளே பிள்ளைகளைக் குளிர்காலத்தில் ஒரு வாரச் சறுக்கு முகாமுக்கு அழைத்துப்போகும் வழக்கம் உண்டு. பனியையே பார்க்காமல் வளர்ந்த பெற்றோர், வாடகைப் பலகையோடு பிள்ளையை வழியனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று பெற்றோராகி, தம் பிள்ளைகளுக்குத் தாமே சொல்லித்தருகிறார்கள். அங்கே பள்ளி செய்வதை இங்கே குடும்பம் தன் கைக்காசில் செய்ய வேண்டியிருக்கிறது. நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் வருடத்துக்குச் சிலரையாவது குல்மார்க்கில் உள்ள மத்திய அரசின் பனிச்சறுக்குப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினால் என்ன? கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம்.

இவ்வளவு செலவு எங்களால் முடியாது. பிள்ளை பனி, பனி என்கிறது.
(நெசவாளர் குடும்பம், உத்திரமேரூர்)

கடன் வாங்கிப் போகாதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி.யின் பனி அரங்கம் இருக்கிறது. செயற்கைப் பனிதான், ஆனால் கையில் அள்ளலாம், சறுக்கு மரம் இருக்கிறது, காலையில் கிளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி போக முடிந்தால் விடியற்காலை தலைகுந்தா, காந்தல் பக்கம் கூட்டிப்போங்கள். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும், எனவே முதல் நாளே சீக்கிரம் தூங்கவையுங்கள்.

இத்தனை தூரம் போய், பிள்ளை பலகைமேல் ஏறவே மாட்டேன் என்றால்?
(வாசகி, திருப்புலிவனம்)

ஏற்றாதீர்கள். கட்டிய பணத்தைப் பிள்ளையிடம் சொல்லிக்காட்டாதீர்கள். மரப்பலகை வண்டியில் உட்காரவைத்து இழுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏறும் முன்பே கூலி பேசிவிட்டு, சின்னச் சரிவில் மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். இல்லையென்றால் பனியை உருட்டிப் பொம்மை செய்யட்டும். மறுநாள் காலை ஒரே ஒரு முறை கேளுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால், அந்த ஒரு மணி நேரம் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள், பிள்ளை ஓரத்தில் அப்பாவோடு உட்கார்ந்து பார்க்கட்டும்.